நோயாளிக்கு மருந்து, குடும்பத்துக்குச் சோறு

(தளியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி உயர்வைப் பற்றி நாம் பல தடவை கூடிப் பேசியிருக்கிறோம். வேலை நேரத்தைப் பற்றியும் ரேஷனைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேசவேண்டும். "நோயைப் பற்றி டாக்டர் அல்லவா பேசவேண்டும், தொழிலாளர் கூட்டத்தில் அதற்கு என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டு, இது டாக்டரோடு முடிகிற விஷயமா, நம் கூலியோடும் அடுப்போடும் பிணைந்த விஷயமா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நோயின் பெயர் காசநோய். ஆஸ்பத்திரியில் டி.பி. என்கிறார்கள். நம் பாட்டிமார்கள் எலும்புருக்கி என்றார்கள். நோயாளியின் உடம்பைப் பார்த்து வைத்த பெயர் அது. ஆனால் இந்த நோய் எலும்பை மட்டும் உருக்குவதில்லை. வீட்டில் உள்ள பித்தளைப் பாத்திரத்தை உருக்கும். மனைவி காதில் கிடக்கும் தோட்டை உருக்கும். கொட்டிலில் நிற்கும் ஆட்டையும் மாட்டையும் உருக்கும். கடைசியில் பிள்ளையின் பள்ளிக்கூடப் படிப்பையும் உருக்கிவிடும்.

இது பழங்கதை, இப்போது ஏது காசநோய் என்று எண்ணவேண்டாம். 2023-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் இந்த நோயில் விழுந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகிறது. சுமார் 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். நோயில் விழுந்தவர்களில் நான்கில் ஒருவர் நம் இந்தியாவைச் சேர்ந்தவர். மருந்து கண்டுபிடித்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு இந்தக் கணக்கு! மருந்து இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது. பின் ஏன் மனிதர்கள் சாகிறார்கள்? நாம் ஆராய வேண்டிய கேள்வி இதுதான்.

கட்டில் கிடைத்தவனுக்கு உயிர்

1882 மார்ச் 24-ல் ஜெர்மன் நாட்டு விஞ்ஞானி ராபர்ட் கோக், காசநோயை உண்டாக்குவது ஒரு கிருமி என்று உலகத்துக்கு அறிவித்தார். பூர்வஜென்ம பாவமும் அல்ல, பரம்பரைச் சாபமும் அல்ல என்று அன்றே தெரிந்துவிட்டது. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியை மற்றவர் சுவாசிக்கிறார். சுவாசித்தவர் எல்லோரும் நோயில் விழுவதில்லை. பெரும்பாலோர் உடம்பில் கிருமி அடங்கியே கிடக்கும். வயிற்றுக்குப் போதாத சோறு, காற்றோட்டமில்லாத வீடு, கல் தூசி, சர்க்கரை வியாதி, குடி, புகை இவற்றால் உடம்பு தளரும்போதுதான் அது எழுந்து தாக்குகிறது.

கிருமியைக் கண்ட பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கொல்ல மருந்தில்லை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு, இவைதான் அன்றைய வைத்தியம். அதற்காகக் கட்டியவைதான் சானடோரியங்கள். நம் மாகாணத்தில் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் ஒன்றை நிறுவினார். இன்றும் அந்த ரயில் நிலையத்துக்குச் சானடோரியம் என்றே பெயர்.

அங்கே இருந்த கட்டில்கள் எத்தனை, நாட்டில் இருந்த நோயாளிகள் எத்தனை? மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 1955 முதல் 1958 வரை நாடு முழுவதும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. காசநோய் பட்டணத்து நோய் என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். கிராமத்திலும் ஏறக்குறைய அதே அளவு நோய் இருக்கிறது என்று கணக்கெடுப்பு காட்டிவிட்டது. பஞ்சாலையில் இருமியவனை ஊர் கண்டது. வரப்பில் இருமியவனை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் உண்மை.

சென்னைக் குடிசைகளில் நடந்த ஆராய்ச்சி

இந்த நிலையில்தான் உலகமே திரும்பிப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று நம் சென்னையில் நடந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களிலும் ஐசோனியாசிட் 1952-லும் வந்துவிட்டன. மருந்து வந்தபின் சானடோரியக் கட்டில் கட்டாயம் வேண்டுமா? வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் குணமாகாதா? பணக்கார நாட்டில் இந்தக் கேள்வி அவ்வளவு அவசரமில்லை. கட்டில் இல்லாத நாட்டுக்கு இது ஜீவமரணப் பிரச்னை.

1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து இதை அமைத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் முன்னின்று நடத்தினார். அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

மையத்தைச் சுற்றியிருந்த நெரிசலான பகுதிகளிலிருந்து 193 ஏழை நோயாளிகளைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்குவது போல, யாருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லாமல், ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஓர் ஆண்டு காலம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. உடம்பில் எடையும் நன்றாக ஏறியது. வீட்டில் இருந்தவர்கள் குறைந்த சாப்பாட்டோடு, நெரிசலில், இடையிடையே வேலையும் செய்துகொண்டு மருந்து சாப்பிட்டார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர் நல்ல குணமடைந்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேர்! பெரிய வித்தியாசம் இல்லை. "வீட்டில் வைத்தால் மனைவி மக்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமே" என்று பலர் பயந்தார்கள். குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்ததால் குடும்பத்துக்கு அதிக ஆபத்து வரவில்லை என்றே முடிவு வந்தது. ஒட்டுவதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே ஒட்டிவிடுகிறது.

உலகில் பல நாடுகள் சானடோரியங்களை மூடிவிட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறியதற்கு இந்த ஆராய்ச்சி பெரிய காரணம். 1962-ல் இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டமும் இந்த அடிப்படையில்தான் எழுந்தது. மருத்துவப் புத்தகங்களில் டாக்டர்களின் பெயர் இருக்கிறது. ஓராண்டு விடாமல் கசப்பு மருந்தை விழுங்கி இந்த உண்மையை உலகுக்குத் தந்த சென்னைக் குடிசைவாசிகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களுக்கு நாம் நன்றி செலுத்தவேண்டும்.

பாதி கேட்ட பாடம்

ஆனால் தோழர்களே, அந்த ஆராய்ச்சியின் பாடத்தில் பாதியைத்தான் ஆட்சியிலிருந்தவர்கள் காதில் வாங்கினார்கள். "வீட்டிலேயே குணமாகும்" என்ற பாதி காதில் விழுந்தது. கட்டில் செலவு மிச்சம், சாப்பாட்டுச் செலவு மிச்சம், நர்ஸ் செலவு மிச்சம்! ஆராய்ச்சியில் இருந்த நோயாளிகளுக்கு வாராவாரம் மருந்து கைக்குக் கிடைத்தது. மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அவ்வளவு கவனிப்பும் சேர்ந்துதான் நூற்றுக்கு 86. இந்தப் பாதி காதில் விழவில்லை.

விளைவு என்ன? 1992-ல் தேசியத் திட்டத்தை மறுபரிசீலனை செய்தபோது, மருந்து தொடங்கிய நோயாளிகளில் பாதிப்பேர்கூட முழுச் சிகிச்சையை முடிக்கவில்லை என்று தெரிந்தது. 1997 முதல் புதிய ஏற்பாடு வந்தது: வாரத்துக்கு மூன்று நாள் சுகாதார ஊழியர் கண்முன்னால் மருந்தை விழுங்கவேண்டும். பலருக்கு நன்மை செய்த ஏற்பாடுதான். ஆனால் அந்த மூன்று நாளும் தோட்டத்துக்குக் காலை ஆறு மணிக்குப் போகவேண்டியவர் என்ன செய்வார்? மருந்தா, கூலியா? இரண்டில் ஒன்றை விட்டால்தான் மற்றது. 2017-ல்தான் தினசரி மருந்து முறை நாடு முழுவதும் வந்தது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும்.

சானடோரியம் போனது, அங்கே நடந்த வேலை எங்கே போனது? சோறு ஆக்குவது, துணி துவைப்பது, சளிக் கிண்ணத்தைக் கழுவுவது, இரவில் இருமும்போது எழுந்து வெந்நீர் வைப்பது, மாத்திரையை எண்ணிக் கொடுப்பது, குமட்டுகிறது என்று துப்புகிறவரைச் சமாதானப்படுத்துவது, இவ்வளவும் வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு என்றால் யாருக்கு? மனைவிக்கு, தாய்க்கு, மூத்த பெண்ணுக்கு. ஆஸ்பத்திரியில் இதே வேலைக்குச் சம்பளம் உண்டு, ஷிப்டு உண்டு, வார விடுமுறை உண்டு. வீட்டில் என்ன உண்டு? பகலில் களை எடுக்கும் வேலை, இரவில் நர்ஸ் வேலை. அந்தப் பெண்ணே படுத்துவிட்டால் பார்ப்பதற்கு ஆள் உண்டா? பல வீடுகளில் அதற்கும் பதில் இல்லை.

ஒரு குடும்பத்தின் வரவு செலவு

இந்தச் சுமையையும் விஞ்ஞானிகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதே சேத்துப்பட்டு மையத்தார், தென்னிந்தியாவில் கிராமத்திலும் நகரத்திலுமாக 304 நோயாளிகளின் குடும்பக் கணக்கை எடுத்து 1999-ல் வெளியிட்டார்கள்.

சராசரியாக ஒரு நோயாளி இழந்த வேலை நாட்கள் 83. அதில் பெரும்பகுதி மருந்து தொடங்குவதற்கு முன்பே போய்விட்டது! மருந்துக்கடையில் இருமல் டானிக், ஒரு டாக்டர், இன்னொரு டாக்டர், ஊசி, மந்திரித்த கயிறு என்று அலைந்த நாட்கள் அவை. கைச்செலவும் இழந்த கூலியும் சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு சராசரி நஷ்டம் அன்றைய பணத்தில் 5,986 ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்கு இழந்த கூலி.  சராசரிக் கடன் 2,000 ரூபாய்க்கு மேல்.

இதையெல்லாம்விட நெஞ்சைச் சுடுகிற கணக்கு ஒன்று உண்டு. அந்த வீடுகளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 11 பேர் படிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்னும் நூற்றுக்கு 8 பேர் குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போனார்கள். அப்பனுக்கு வந்த நோய் ஆறு மாதத்தில் குணமாகலாம். பள்ளியை விட்ட பிள்ளைக்கு எந்த மாத்திரை உண்டு?

ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு நோய் விழுங்கினால் அதைப் பேரழிவுச் செலவு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. 2020-க்குள் காசநோயால் இப்படி நொறுங்கும் குடும்பம் ஒன்றுகூட இருக்கலாகாது என்று உலக நாடுகள் 2014-ல் இலக்கு வைத்தன. 2020 வந்தது, போனது. இன்றும் உலகில் காசநோய்க் குடும்பங்களில் ஏறக்குறையப் பாதி அந்தப் படுகுழியில்தான் விழுகின்றன.

பருப்பும் அரிசியும் செய்த வேலை

ஏழைக்குச் சோறு போட்டால் நோய் குறையும் என்பது நம் பாட்டிக்குத் தெரியும். ஆனால் பாட்டி சொன்னால் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கமாட்டார்கள். ஆராய்ச்சி வேண்டும் என்பார்கள். அந்த ஆராய்ச்சியும் இப்போது நடந்து முடிந்துவிட்டது.

வடக்கே ஜார்க்கண்ட் மாநிலத்தில், ஆதிவாசி மக்களும் கூலி ஏழைகளும் நிறைந்த நான்கு மாவட்டங்களில், 2019 முதல் 2022 வரை அது நடந்தது. டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் சேத்துப்பட்டு நிறுவனத்தாரோடு சேர்ந்து நடத்தினார்கள். 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய் மாதாமாதம் கொடுத்தார்கள். வீட்டாரில் ஒரு பகுதியினருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கு அது இல்லை. பிறகு இரு சாராரிலும் யார் யார் நோயில் விழுகிறார்கள் என்று கவனித்தார்கள்.

2023 ஆகஸ்டில் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்திருந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் ஏறக்குறையப் பாதியாகவே குறைந்திருந்தது. இந்த வேலையைச் செய்தது எந்தப் புது ஊசியும் அல்ல, சாதாரண அரிசியும் பருப்பும்தான்!

நோயாளிகளின் கதை என்ன? சிகிச்சைக்கு வந்தபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் உடம்பில் வேண்டிய எடையே இல்லை. முதல் இரண்டு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்கு எடை ஏறியவர்களுக்கு மரண அபாயம் நூற்றுக்கு 61 பங்கு குறைவாக இருந்தது. நாற்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நூற்றுக்கு ஐந்து என்றால் இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோவுக்குள் அவ்வளவு பெரிய வித்தியாசம்!

இது 1959 முடிவுக்கு முரணா? இல்லை. மருந்து கிருமியைக் கொல்லும் என்று சென்னை நிரூபித்தது. அடுத்தவர் நோயில் விழாமலிருக்கவும், விழுந்தவர் பிழைத்தெழவும் சோறு வேண்டும் என்று ஜார்க்கண்ட் நிரூபித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமை.

நம் தளிப் பக்கத்தில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். தளிக்குக் குட்டி இங்கிலாந்து என்று பெயர் வைத்தார்கள். பனியும் குளிரும் உண்மைதான். அந்தக் குளிரில் விடியுமுன் கோஸ் வெட்டவும் தக்காளி பறிக்கவும் போகிறவர்கள் நாம். ரோஜாக் குடில்களில் மருந்து அடிக்கிறவர்கள் நாம். கல் குவாரியிலும் கிரஷரிலும் தூசி குடிக்கிறவர்கள் நாம். ஓசூர் சிப்காட்டிலும், எல்லை தாண்டி ஆனேக்கல், அத்திப்பள்ளி, ஜிகினிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் காண்டிராக்ட் வேலை செய்து, ஓர் அறையில் ஆறு பேர் எட்டுப் பேர் படுத்தெழுகிறவர்களும் நாமே. கல் தூசி நுரையீரலில் படிந்தவருக்குக் காசநோய் எளிதில் வரும். சர்க்கரை வியாதிக்காரருக்கு வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. நெரிசலான அறையில் ஒருவர் இருமினால் மற்றவருக்குப் பரவும். இவ்வளவு கதவுகளும் நம் பக்கமே திறந்திருக்கின்றன.

நோய் வந்தால் நமக்கு என்ன பாதுகாப்பு? ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு, சந்தா நாட்கள் சரியாக இருந்தால், நோய்க் காலத்தில் ஆண்டில் 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு உண்டு. காசநோய் போன்ற நெடுநோய்க்கு, இரண்டு ஆண்டு தொடர் வேலை முதலிய நிபந்தனைகள் நிறைவேறினால், அதற்குப் பின்னும் இரண்டு ஆண்டு வரை நூற்றுக்கு 80 பங்கு உண்டு. தொழிலாளி போராடிப் பெற்ற நல்ல உரிமை இது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு காண்டிராக்டர் மாறி, பெயரும் நம்பரும் மாறிக்கொண்டே இருக்கிறவருக்குத் தொடர் வேலையை எங்கே காட்டுவது? தோட்டக் கூலிக்கும் குவாரிக் கூலிக்கும் அந்த அட்டையே இல்லை. படுத்தால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் களியும் இல்லை.

சர்க்கார் எதுவுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. நடந்திருப்பதை நடந்தது என்று சொல்லவேண்டும். 2018 முதல் நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. எடை மிகக் குறைந்தவரையும், மூச்சுத் திணறுகிறவரையும், தானாக எழுந்து நிற்க முடியாதவரையும் நோய் கண்டதுமே பிரித்தறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுதான் அதன் சாரம். சானடோரியம் வேண்டாம் என்றாலும், தளர்ந்து போனவருக்குக் கட்டில் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்களே திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டில் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. அதைச் சுமந்து நடக்கிறவர்கள் யார்? நம் வீட்டுப் பெண்கள்தான். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து மாத்திரை கொடுக்கிற அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது தொழிலாளியின் சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. வீட்டுக்குள்ளே கூலியில்லாத நர்ஸ், வீட்டுக்கு வெளியே அரைக் கூலி நர்ஸ். இரண்டும் பெண்ணின் தலையிலேயே!

குடும்பத்துக்கான உணவுக்கும் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். தர்மவான்களும் கம்பெனிகளும் முன்வந்து நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுக் கூடை தரலாம் என்று 2022-ல் அழைப்பு விடுத்தார்கள். பிறகு அதை வீட்டாருக்கும் விரித்தார்கள். கொடுக்கிறவர்களைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் மருந்துக்குத் தர்மவானை நம்புகிறோமா? இல்லை, அது சர்க்கார் கடமை. உணவும் மருந்தைப் போலவே உயிர் காக்கிறது என்று நிரூபணமான பிறகு, மருந்துக்கு ஒரு நியாயம், உணவுக்கு ஒரு நியாயமா?

நம் கையில் உள்ளவை

கோரிக்கை எழுப்புவதற்கு முன், இன்றே நாம் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, சளியில் இரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிச் சோதனை செய்யுங்கள். சோதனை இலவசம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் வைத்தியத்துக்கே போகவில்லை என்று தெரிந்தது. "பீடி இருமல்தானே, பனி இருமல்தானே" என்று விட்டுவிட்டவர்கள் அவர்கள். அந்த 83 நாள் நஷ்டத்தில் பெரும்பகுதியை நாமே குறைக்க முடியும்.

உடம்பு தேறியது போலத் தோன்றினாலும் மாத்திரையை நடுவில் விடாதீர்கள். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் மருந்தை நிறுத்தவேண்டியதில்லை. பதிவு செய்யும்போது கொடுக்கிற நிக்‌ஷய் நம்பர் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் பொது. அந்த நம்பரைச் சொன்னால் அங்கேயும் மருந்து கிடைக்கவேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள். நோய் இல்லாதவர்களுக்கும் அது வராமல் தடுக்க மாத்திரை உண்டு, கேட்டு வாங்குங்கள். நோயாளிக்குச் சர்க்கரைச் சோதனையும் செய்யவேண்டும்.

நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்காதீர்கள். தட்டால் இந்த நோய் பரவாது. சன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது துணியால் வாயை மூடச் செய்யுங்கள். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரப்பும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இந்த நோயைச் சொல்லிப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதும், ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதும் அநியாயம். நம் தெருவில் அது நடக்க நாம் விடலாகாது.

இன்னொன்று. ஒரு வீட்டில் நோயாளி படுத்தால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்க அக்கம்பக்கத்தார் முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். ஒருவர் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகலாம். ஒருவர் ஆஸ்பத்திரிக்குத் துணை போகலாம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூடுகிற நம் ஜனங்கள் நோய்க்கும் கூடலாம்.

நாம் கேட்பது

அக்கம்பக்கத்தார் ஒருவர் சுமையை ஒருவர் தாங்கலாம்; ஆனால் இழந்த கூலியை அக்கம்பக்கத்தாரால் கொடுக்க முடியாது. ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று. ஈ.எஸ்.ஐ. இல்லாத விவசாயத் தொழிலாளிக்கும் குவாரித் தொழிலாளிக்கும், காசநோய்ச் சிகிச்சைக் காலத்தில் இழந்த கூலிக்கு ஈடாக நலவாரியங்கள் மூலம் உதவித்தொகை வேண்டும்.

இரண்டு. காண்டிராக்டர் மாறினாலும் தொழிலாளியின் ஈ.எஸ்.ஐ. தொடர்ச்சி அறுபடலாகாது. நோயைக் காட்டி வேலைநீக்கம் கூடாது.

மூன்று. நோயாளிக்கு மட்டுமல்லாமல் அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ரேஷன் கடை மூலம் கூடுதல் அரிசியும் பருப்பும் எண்ணெயும், உரிமையாக, மாதம் தவறாமல் வேண்டும். நம் பக்கத்தில் ராகியும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

நான்கு. வீடு தேடி மருந்து கொண்டுவரும் பெண்களைத் தொழிலாளராக ஏற்று மாதச் சம்பளம் வேண்டும். நெடுநோயாளி உள்ள வீட்டுப் பிள்ளை படிப்பை விடாமலிருக்க உதவித்தொகை வேண்டும்.

ஐந்து. கல் குவாரியிலும் தொழிற்சாலை வாசலிலும் தோட்டத்திலும் ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை வேண்டும். வேலை முடிந்து வருகிறவர் மருந்து வாங்கும்படி மாலை நேரத்திலும் சுகாதார நிலையம் திறந்திருக்க வேண்டும்.

இவை பேராசையா? 1959-ல் சென்னைக் குடிசைவாசிகள் கட்டில் இல்லாமல் குணமாகிக் காட்டி, உலகத்துச் சர்க்கார்களுக்கெல்லாம் கோடி கோடியாகப் பணத்தை மிச்சம் செய்து கொடுத்தார்கள். மிச்சமான அந்தச் சுமையை அன்றிலிருந்து நம் வீட்டுப் பெண்கள் சுமந்து வருகிறார்கள். அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத்தான் அரிசியாகவும் பருப்பாகவும் கூலியாகவும் திருப்பிக் கேட்கிறோம்.

தோழர்களே! இந்தக் கூட்டம் கலைந்து போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் யார் இருமுகிறார்கள், எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று விசாரியுங்கள். இருமுகிறவரைச் சோதனைக்கு அழைத்துப் போங்கள். அடுப்பு எரியாத வீடுகளின் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை தாலுக்கா ஆபீசுக்கும் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்கும் நாம் எல்லோரும் சேர்ந்து போவோம்.

நோயாளிக்கு மருந்து வேண்டும்; குடும்பத்துக்குச் சோறு வேண்டும். இரண்டையும் பெறும்வரை ஓயமாட்டோம்.